காட்பாடி மொட்டை மாடியிலிருந்து சூரியக் கரும்புள்ளிகளைக் கண்காணித்தலும் சுடர்களை முன்கணித்தலும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், அக்கினி நட்சத்திரத்தின் முதல் வாரத்தில், வேலூரில் சூரியன் உச்சியிலிருந்து ஆறு பாகைகூட விலகாமல் நின்றிருந்த பகல் 12.24 மணிக்கு, 13664 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டத்தில் எக்ஸ் 3.9 அளவுள்ள ஒரு சுடர், அதாவது மிக வலிய வகையைச் சேர்ந்த ஒரு வெடிப்பு, உச்சத்தைத் தொட்டது. கீழே தெருவில் நடந்தவர்களுக்கு அதனால் எந்த வேறுபாடும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெயில் அதே வெயில்தான். அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் அதே கூட்டம் வீசியெறிந்திருந்த மின்னூட்டமுள்ள வாயு மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதியதால், அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. 2003ஆம் ஆண்டுக்குப் பின் பூமி கண்ட மிகக் கடுமையான காந்தப் புயல் அதுதான். அந்தக் கூட்டம் ஒரு வாரத்துக்கு முன்பு எப்படி இருந்தது, எந்த நாளில் அதன் போக்கு மாறியது என்பதைப் படிப்படியாகத் தாளில் பதிந்து வைத்திருந்த எவருக்கும் அந்தச் சுடர் பெரிய வியப்பாக இருந்திருக்காது. அப்படிப் பதிந்து வைப்பதற்கான வழிமுறையே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் தொலைநோக்கி என்றாலே ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம்தான் எல்லோருடைய நினைவுக்கும் வரும். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவு வானத்துக்கு உரியது. சூரியனைப் பொறுத்தவரை, அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்கும் கொடைக்கானல் ஆய்வகம்தான் நமக்கு மூத்தது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். கரும்புள்ளியின் கருத்த நடுவைச் சூழ்ந்த, சற்று வெளிறிய புறநிழல் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கிருந்துதான் கண்டறிந்தார். அந்த வேலையின் எளிய, சிறிய வடிவத்தை ஒரு மொட்டை மாடியில், ஒரு சிறு தொலைநோக்கியையும் இணைய வசதியுள்ள கைப்பேசியையும் கொண்டு, நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிச் செய்ய முடியும்.

முதலில் கண்ணைக் காத்துக்கொள்ளுதல்

தொலைநோக்கி வழியாகச் சூரியனை நேரடியாகப் பார்ப்பவர், வலி தெரியாமலேயே ஓரிரு நொடிகளில் பார்வையை இழக்கக்கூடும்; விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. கிரகணத்தன்று நம் வீடுகளில் சாணி கரைத்த தண்ணீரிலும் மஞ்சள் நீர்த் தாம்பாளத்திலும் சூரியனைப் பார்த்த பழக்கமும், எக்ஸ்ரே படலத்தையும் புகை பிடித்த கண்ணாடியையும் பயன்படுத்திய பழக்கமும் பாதுகாப்பானவை அல்ல. சூரிய வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில், ஒளி நுழையும் இடத்திலேயே இருக்க வேண்டும். கண்வில்லையில் திருகிப் பொருத்தும் கருங்கண்ணாடித் துண்டை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. நான் வாங்கிய முதல் தொலைநோக்கியோடு அப்படி ஒன்று இலவசமாக வந்தது. குவிந்த வெப்பம் தாங்காமல் இரண்டாம் வாரத்திலேயே விரிசல் விட்டது. அந்த நேரத்தில் என் கண் அங்கே இல்லாதது என் நல்லூழ். வடிகட்டிப் படலம் வாங்கும்போது, கண்ணால் பார்ப்பதற்கான 5.0 அடர்த்தி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், 3.8 அடர்த்தி உள்ளது படம்பிடிப்பதற்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு முறையும் படலத்தை வானத்துக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும்.

திரையில் விழச்செய்து வரைதல்

ஆனால் பதிவுக்கு வடிகட்டியைவிட நல்லது, சூரியனின் உருவத்தை ஒரு வெள்ளைத் தாளின்மீது விழச்செய்து, அதன்மேலேயே பென்சிலால் வரைந்துகொள்ளும் முறை. பலர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், கண்ணுக்கும் ஊறில்லை. 60 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஒரு சாதாரண வில்லைத் தொலைநோக்கி இதற்குப் போதும். அதன் குவியத்தில் சூரியன் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் அகலத்தில்தான் விழும். 20 மில்லிமீட்டர் கண்வில்லையைப் பொருத்தி, அதிலிருந்து 49 சென்டிமீட்டர் தள்ளி அட்டையை நிறுத்தினால், அதே சூரியன் 15 சென்டிமீட்டர் வட்டமாக விரியும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைக் கவராயத்தால் ஒருமுறை துல்லியமாக வரைந்து, ஜெராக்ஸ் கடையில் நூறு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தாள்.

கண்வில்லை விலை குறைந்ததாகவும், உள்ளே பசையால் ஒட்டப்படாத வில்லைகளைக் கொண்டதாகவும் இருப்பது நல்லது. ஒட்டிய வில்லைகள் வெப்பத்தில் கெட்டுவிடும். தொலைநோக்கியின் முதுகில் இருக்கும் சிறு தேடுகுழாயின் மூடியைக் கழற்றவே கூடாது. ஒருநாள் அதை நான் மறந்தேன். துணி கருகும் வாடை எங்கிருந்து வருகிறது என்று சுற்றுமுற்றும் தேடிவிட்டுக் குனிந்தபோது, என் சட்டைக் கையில் மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது.

இனி, நேரம். வேலூரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். முற்பகல் பத்து மணிக்கு மேல் பாறையும் தளமும் சூடேறிக் கானல் எழத் தொடங்கிவிட்டால், சூரியனின் விளிம்பு கொதிக்கும் நீர்போலத் தளும்பும். சிறு புள்ளிகள் மறைந்துபோகும். ஆகவே ஏழரை மணிக்கு மேல், ஒன்பது மணிக்குள் வரைந்து முடித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் சூரியன் தாழ்வாக இருப்பதால் காற்றுப் படலத்தின் தடிமன் படத்தைக் கெடுக்கும். வீட்டைச் சுற்றி மண் தரையோ புல்லோ இருந்தால், சிமெண்டுத் தளத்தைவிட அங்கே படம் அமைதியாக நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகங்களால் பல நாள் விட்டுப்போகும். அந்த நாள்களின் தாள்களை, 2010இல் ஏவப்பட்ட, சூரியனைப் படம்பிடிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தின் படத்தைப் பார்த்து வேறு நிற மையால் நிரப்புங்கள். நம் கண்ணால் பார்த்ததும் பிறர் படத்திலிருந்து எடுத்ததும் தாளில் கலந்துவிடக் கூடாது.

திசையும் நேரமும்

தாளில் கிழக்கு மேற்கு எது என்று தெரியாமல் வரைந்த படம் மறுநாளைக்குப் பயன்படாது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டுவிட்டால், பூமி சுழல்வதால் சூரிய உருவம் தாளில் மெல்ல நகர்ந்து, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் தன் முழு அகலத்தையும் கடந்துவிடும். அது எந்தப் பக்கம் நோக்கி நகர்கிறதோ, அந்தப் பக்க விளிம்புதான் மேற்கு. ஒரு புள்ளி நகரும் தடத்தின்மேல் மூன்று இடங்களில் பென்சில் குத்து வைத்து இணைத்தால், கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. எது வடக்கு என்பதில் ஐயம் வந்தால், அன்றைய எஸ்டிஓ படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் மூலைவாட்டுக் கண்ணாடி ஒன்று இருந்தால் படம் இடவலமாகத் திரும்பியிருக்கும். சூரியனின் சுழல் அச்சு இந்த வடக்கிலிருந்து ஆண்டு முழுவதும் சாய்ந்து சாய்ந்து வரும்; ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி ஒரு பக்கமும் அக்டோபர் இரண்டாம் வாரத்தை ஒட்டி மறுபக்கமும் 26 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். நாளுக்குரிய சாய்வை அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

நேரத்தை உலக நேரத்தில் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் உலக நேரம். விண்வானிலை மையங்களுக்கு நாள் பிறப்பது நமக்குக் காலை 5.30 மணிக்கு. இதைக் கவனிக்காதவர்கள், நமக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வெடித்த சுடரை ஒருநாள் தள்ளி எழுதிவிட்டு, பின்னர் கணக்கு உதைக்கிறதே என்று தலையைச் சொறிவார்கள்.

கூட்டங்களை எண்ணுதலும் வகைப்படுத்துதலும்

அன்றைய கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனித்தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் கரும்புள்ளி எண் கிடைக்கும். நான்கு கூட்டங்களும் மொத்தம் 23 புள்ளிகளும் இருந்தால் 63. ருடால்ஃப் வோல்ஃப் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த இந்தக் கணக்கு, பதினோராண்டுச் சுழற்சியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும். ஆனால் நாளைக்குச் சுடர் வருமா என்ற கேள்விக்கு இதனால் பெரிய உதவி இல்லை. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மேக்கின்டாஷ் என்பவர் சீர்படுத்திய மூன்றெழுத்து வகைப்பாட்டை உலக மையங்கள் எல்லாம் பயன்படுத்துகின்றன. முதலெழுத்து கூட்டத்தின் வடிவையும் நீளத்தையும் சொல்லும். புறநிழல் இல்லாத ஒற்றைப் புள்ளி ஏ. புறநிழல் இல்லாத இரட்டை பி. ஒரு முனையில் மட்டும் புறநிழல் இருந்தால் சி. இரு முனையிலும் இருந்து, நீளம் பத்துப் பாகைக்குள் அடங்கினால் டி. பதினைந்துக்குள் என்றால் இ. அதற்கும் மேல் எஃப். புறநிழலோடு தனியாக மிஞ்சி நிற்கும் முதிய புள்ளி எச். நம் 15 சென்டிமீட்டர் வட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகை என்பது 1.3 மில்லிமீட்டர். எனவே 13 மில்லிமீட்டருக்குள் டி, 19.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் எஃப் என்று அளவுகோலை வைத்தே சொல்லிவிடலாம். விளிம்பை நெருங்க நெருங்கப் பாகைகள் சுருங்கித் தெரியும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இரண்டாமெழுத்து பெரிய புள்ளியின் புறநிழலைப் பற்றியது. அதில் நாம் தேடுவது கே. வடக்கு தெற்காக இரண்டரைப் பாகைக்கு மேல் பரந்து, ஒழுங்கற்ற கிழிசல் வடிவில் இருக்கும் புறநிழலுக்கு உரிய எழுத்து அது. மூன்றாமெழுத்து முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பற்றியது. வெறும் நிலமாக இருந்தால் ஓ. சிறு புள்ளிகள் சிதறிக் கிடந்தால் ஐ. புறநிழல் உள்ள புள்ளிகளே நெருக்கியடித்து நின்றால் சி. எஃப்-கே-சி, இ-கே-சி, டி-கே-சி என்ற எழுத்துகள் உங்கள் தாளில் விழும் நாளில் மற்ற கூட்டங்களை விட்டுவிட்டு அதனோடு இருங்கள். எச்-எஸ்-எக்ஸ் என்பது, அதாவது சீரான சிறு புறநிழலோடு தனியாக நிற்கும் புள்ளி, எவ்வளவு உருண்டையாக, அழகாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத வயோதிகம். புதியவர்கள் ஏமாறுவது இந்த அழகில்தான்.

காந்தப் படத்தைப் படித்தல்

சுடர் என்பது முறுக்கேறிய காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் திடீரென விடுபடுவது. கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை ஜார்ஜ் எல்லரி ஹேல் 1908இல் காட்டினார். நம் தாளில் காந்தம் தெரியாது. ஆகவே வரைந்து முடித்ததும் எஸ்டிஓவின் காந்தப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் வெள்ளை ஒரு முனைமை, கருப்பு எதிர் முனைமை. ஒரே முனைமை கொண்டது ஆல்ஃபா. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றொன்றும் தெளிவாகப் பிரிந்து நின்றால் பீட்டா. ஒரே கோடு போட்டுப் பிரிக்க முடியாதபடி கலந்துகிடந்தால் பீட்டா-காமா. இவை மூன்றையும் ஓரிரு வாரத்தில் கண் பழகிக்கொள்ளும்.

பழகுவதற்குக் கடினமானதும் நமக்கு மிகவும் வேண்டியதும் டெல்டா. எதிரெதிர் முனைமை கொண்ட இரண்டு கருநிழல்கள் (புள்ளியின் கருத்த நடுப்பகுதிகள்), இரண்டு பாகை இடைவெளிக்குள், ஒரே புறநிழலுக்குள் அடைபட்டுக் கிடப்பதே டெல்டா. அதைக் கண்டுபிடிக்கக் காந்தப் படம் ஒன்று மட்டும் போதாது. முதலில் வெள்ளொளிப் படத்தில் ஒரே புறநிழலுக்குள் இரண்டு கருநிழல் எங்கே என்று பார்த்துக் குறியுங்கள்; பிறகு அதே இடத்தைக் காந்தப் படத்தில் பெரிதாக்கி, ஒன்று வெள்ளையாகவும் மற்றது கருப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் எல்லைக் கோடு நேராகவும் நீளமாகவும் இருந்து, அதன் இருபுறமும் நிறம் சட்டென்று மாறினால், அங்கே புலம் செங்குத்தாக எழாமல் கோட்டின் வழியே இழுபட்டு முறுக்கேறிக் கிடக்க வாய்ப்பு அதிகம். விளிம்பிலிருந்து நெடுந்தொலைவு வராத கூட்டத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சாய்ந்து பார்ப்பதால் இல்லாத எதிர்முனைமை அங்கே தோன்றும்.

நான் கற்றவற்றில் எதைக் கைவிட்டாலும் இதைக் கைவிட மாட்டேன்: பரப்பளவைவிட மாற்றத்தைக் கவனியுங்கள். 2014 அக்டோபரில் வந்த 12192 கூட்டம், சூரிய அரைக்கோளத்தின் பத்து லட்சத்தில் 2750 பங்கு வரை பரந்தது. பூமியின் மேற்பரப்பு முழுவதையும் விரித்தாலும் அந்த அளவில் 170 பங்குகூட வராது. அது ஆறு எக்ஸ் வகைச் சுடர்களைத் தந்தது. ஆயினும் அவற்றோடு குறிப்பிடத்தக்க வாயு வீச்சு எதுவும் கிளம்பவில்லை. பூமியின் காந்தப்புலம் அந்த எக்ஸ் சுடர்களைப் பொருட்படுத்தவே இல்லை. பத்தாண்டு கழித்து வந்த 13664 பரப்பில் அதைவிடச் சற்றுச் சிறியதுதான். ஆனால் அது நம் கண்முன்னே சில நாள்களில் பல மடங்கு வீங்கி, அருகே புதிதாகக் கிளம்பிய புலத்தோடு மோதிக் கலந்து டெல்டாவானது. உங்கள் தாள்களை வரிசையாக அடுக்கி இதைப் பாருங்கள்: நேற்று வெறும் நிலமாக இருந்த இடத்தில் இன்று புள்ளி முளைத்ததா? இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றனவா? கூட்டம் சூரியச் சுழற்சியால் நாளுக்கு 13 பாகை, அதாவது நடுவட்டத்தில் 17 மில்லிமீட்டர், மேற்கே நகரும். அந்தப் பொது நகர்வைக் கழித்துவிட்டு, புள்ளிகளுக்குள் நிகழும் உள்நகர்வை மட்டும் அளக்க வேண்டும்.

எக்ஸ்கதிர் வரைபடம்

அமெரிக்க வானிலை விண்கலங்களான கோஸ் அளக்கும் மென் எக்ஸ்கதிர் ஓட்டத்தை வைத்தே சுடருக்கு வகை இடப்படுகிறது. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்ற ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. எக்ஸ் 1 என்பது சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் ஆதித்யா-எல்1 கலத்தில் உள்ள சோலெக்ஸ், ஹீலியோஸ் கருவிகளும் எக்ஸ்கதிரையே அளக்கின்றன. வரைபடத்தில் மூன்றைப் பாருங்கள். சுடர் இல்லாத வேளையில் கோடு எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. நேற்று பி மட்டத்தில் இருந்த கோடு இன்று சி மட்டத்துக்கு ஏறியிருந்தால் எங்கோ சூடேறுகிறது என்று பொருள். ஏறி உடனே இறங்கியதா, மணிக்கணக்கில் சாய்ந்து இறங்கியதா என்பது இரண்டு; நெடுநேரம் சாயும் சுடரோடு வாயு வீச்சு கிளம்புவதற்கான வாய்ப்பு மிகுதி. எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பது மூன்று; வரைபடம் அதைச் சொல்லாது, அதே நிமிடத்தின் எஸ்டிஓ 131 ஆங்ஸ்ட்ராம் படத்தில் பளிச்சிடும் இடத்தைத் தேட வேண்டும். முகத்தில் எங்கும் காணாமல் கிழக்கு விளிம்பில் மட்டும் ஒளி கசிந்தால், மறுபக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்துகொண்டிருக்கிறது.

சுடரின் எக்ஸ்கதிர் எட்டே கால் நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். பகலாக இருக்கும் பாதியில் மட்டும் மேல்வளிமண்டலத்தின் அடியடுக்கை மின்னூட்டி, சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். 13664இன் எக்ஸ் 5.8 சுடர் மே 11 காலை 6.53 மணிக்கு வந்ததால், விடிந்து ஒரு மணி நேரமே ஆன நம் பக்கத்து ஹாம் வானொலிக்காரர்கள் அதன் தாக்கத்துக்குள் இருந்தார்கள். அதனிலும் பெரிய எக்ஸ் 8.7 சுடர் மே 14 இரவு 10.21 மணிக்கு வந்தது. நமக்கு இரவு என்பதால் இங்கே அலைவரிசை அசையவில்லை. வாயு வீச்சு வேறு கணக்கு. அது வந்துசேர ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும், பகல் இரவு பார்க்காது.

முன்கணிப்பை எழுதுதல்

இனிதான் துணிவு வேண்டிய படி. நாளைக்கு எம் வகைச் சுடர் வரும் அல்லது வராது என்று எழுதாதீர்கள். நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதுங்கள். தொடங்குவதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு கூட்டம் நான்கு நாளில் ஆறு எம் வகைச் சுடர்களைத் தந்திருந்தால், நாளுக்குச் சராசரி ஒன்றரை. சுடர்கள் ஒழுங்கின்றித் தனித்தனியாக வருகின்றன என்று கொண்டால், நாளைக்கு ஒன்றேனும் வருவதற்கான வாய்ப்பு, ஒன்றிலிருந்து ஈ என்ற மாறிலியின் மைனஸ் ஒன்றரை அடுக்கைக் கழித்தால் கிடைக்கும். அதாவது நூற்றுக்கு 78. இந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு, உங்கள் தாள் சொல்வதைப் பார்த்து ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். டெல்டா புதிதாக உருவாகியிருந்தால் ஏற்றலாம். நடுப்புள்ளிகள் கரைந்து இரு முனைகளும் விலகிக்கொண்டிருந்தால் தயங்காமல் இறக்கலாம். ஏன் மாற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

எழுதிய பிறகுதான் அமெரிக்க விண்வானிலை மையம் வெளியிடும் அன்றைய விழுக்காட்டைத் திறந்து பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்துவிட்டால் கை அந்தப் பக்கமே சாயும்; எனக்குச் சாய்ந்தது, மூன்று மாதப் பதிவு வீணானது. மறுநாள் முடிந்ததும் மதிப்பெண் போடுங்கள். சுடர் வந்திருந்தால் ஒன்று, வராவிட்டால் சுழி. அதற்கும் உங்கள் வாய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துங்கள். 70 விழுக்காடு என்று எழுதி, சுடர் வந்தால் 0.09, வராவிட்டால் 0.49. எண் சிறுத்தால் நல்லது. ஒரு மாதச் சராசரியை, நேற்று வந்ததே நாளையும் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் தோற்பீர்கள். அதற்குக் காரணம், எல்லா டெல்டாவுக்கும் அஞ்சி எண்ணை மிகையாக ஏற்றுவதாகவே இருக்கும்.

கூட்டம் மேற்கு விளிம்பில் மறையும் நாளில் அதன் கோப்பை மூடிவிடாதீர்கள். 13664 மறைந்தபின் மே மாத இறுதியில் கிழக்கு விளிம்பில் 13697 என்ற புது எண்ணோடு திரும்பி வந்து மீண்டும் எக்ஸ் வகைச் சுடர்களைத் தந்தது. அதனால் கடைசித் தாளின் கீழ் மூலையில், மறைந்த நாளோடு பதினான்கு நாளைக் கூட்டி வரும் தேதியைச் சிவப்பு மையால் எழுதி, அதே தேதியை நாட்காட்டியிலும் வட்டமிட்டு வையுங்கள்.